முடிப்பாசியும் பூட்டிய டப்பாவும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டின் முன்னால் போய் நின்றதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா உள்ள இருந்தது யாரு?" என்பதுதான். பலகையைக் கழற்றுவது, மோட்டாரைப் பார்ப்பது எல்லாம் அதற்கப்புறம். கதவிடுக்கில் குடையை விட்டவர், பொத்தானை முஷ்டியால் குத்தியவர், அளவுக்கு மேல் ஆளை ஏற்றியவர் என்று பாதி நேரம் யாராவது அகப்பட்டுவிடுவார்கள். அதனால் வேலையிடத்தில் அவருக்குக் 'கடைசி ஆள்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். "மெஷின் தானா கெடாது, மனுஷன் கை பட்டாத்தான் கெடும்" என்பார்.

இந்த மனிதருக்குக் கடல்மீன் பைத்தியம் பிடித்தது. கூடத்தில் டிவிக்கு எதிரே ஒரு உப்புத் தண்ணீர்த் தொட்டி வந்து உட்கார்ந்தது. எனக்கு சோபா வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்த இடம் அது. ஓடும் பம்பு, நீல விளக்கு, கல், கல்லின்மேல் உயிருள்ள பவளங்கள். வாரா வாரம் மாற்றும் தண்ணீரில் உப்பைக் கரைக்க ஒரு பெரிய வாளி குளியலறையில் நிரந்தரமாகக் குடியேறியது. குழாய்த் தண்ணீர் பவளத்துக்கு ஆகாது என்று, சமையல் மேடைக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் குழல் குழலாக ஒரு வடிகட்டியைப் பொருத்தினார். அவர் பொருத்தினால் கேட்கவா வேண்டும்? ஒரு திருகு வெளியே தெரியாது. நானும் மெச்சிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய அக்கா முழங்கால் ஆபரேஷன் முடிந்து எங்களோடு தங்க வந்தார். என் நாத்தனார் கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவைக் கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவர். படுக்கை விரிப்பில் ஒரு கறை தெரிந்தால் போதும், அவர் போடும் சத்தத்தில் நோயாளிகளே எழுந்து உட்கார்ந்துவிடுவார்களாம். எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே என் தலையணை உறைகளை எல்லாம் உருவி, மடிப்பே சரியில்லை என்று திரும்ப மடித்து வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டே வாரத்தில் அவரில்லாமல் எனக்குப் பொழுது போகாது என்று ஆகிவிட்டது. அது வேறு கதை.

காலை நீட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தார். கல் பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டி எல்லோரையும் வெறித்துப் பார்க்கும் மீனுக்கு முறைப்பான். ஓட்டத்தில் பச்சை விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்கும் பவளத்துக்குக் கையாட்டி. "காலைல எழுந்ததும் எனக்கு டாட்டா காட்டுறது இந்த வீட்டுல இது ஒண்ணுதான்" என்பார். அதைக் கேட்டு நான் வேலைக்குக் கிளம்பும்போது தினமும் கையாட்ட ஆரம்பித்தேன்.

அப்புறம் பாசி வந்தது. முதலில் கல்லின்மேல் பூனை மயிர் மாதிரி மெல்லிசாக. பிறகு பச்சைத் தலைமுடி மாதிரி நீளமாக. முடிப்பாசி என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பார், ஒரு ட்யூபை வைத்து உறிஞ்சி எடுப்பார், அடுத்த வாரம் அதே இடத்தில் அதைவிடச் செழிப்பாக நிற்கும். மேய்வதற்கு நத்தைகளை வாங்கி விட்டார். அவை கண்ணாடியைத்தான் மேய்ந்தன. விளக்கை அணைத்துத் தொட்டிக்குக் கறுப்புத் துணி போர்த்தினார். வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. துணியை எடுத்தால் பாசி கொஞ்சம் வெளுத்து, பிறகு வட்டியும் முதலுமாக வந்தது.

தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பார். பாசிக்குத் தீனியான பாஸ்பேட் இருந்தால் தண்ணீர் நீலமாகும். ஒவ்வொரு தடவையும் பளிங்கு மாதிரித் தெளிவாகவே இருந்தது. "தண்ணியில ஒரு குறையும் இல்ல" என்று குப்பியை வெளிச்சத்தில் காட்டுவார். தண்ணீர் சுத்தம், பம்பு சரி, விளக்கு சரி. அப்படியானால் அவருடைய தொழில் புத்தி எங்கே போய் நிற்கும்?

மீன் தின்னாமல் மிஞ்சும் தீனி அழுகினால் பாசிக்கு உரமாகுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். "அக்கா, நான் இல்லாதப்ப தொட்டிக்குத் தீனி போடுறியா?"

"நீதானே இவ்வளவு போடுன்னு அளவு சொல்லியிருக்க. அதான் போடுறேன்."

"அதுக்கு மேல?"

நாத்தனார் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவன் முறைச்சுக்கிட்டே இருக்கான்டா. என்னைக்காவது ஒரு துணுக்கு கூடப் போயிருக்கும்" என்றார்.

ஆள் அகப்பட்டுவிட்டார் என்கிற அந்தப் பார்வை இவர் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அக்கா திருப்பிக் கத்தியிருப்பார், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எழுந்து போய்த் தீனி டப்பாவை எடுத்தார். அதைத் தன் இரும்புக் கருவிப் பெட்டிக்குள் வைத்தார். பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து மறுபடி சாப்பிட உட்கார்ந்தார்.

அன்று நான் போட்ட சண்டையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். "உங்க அக்காவா, திருட வந்தவங்களா? யார் முன்னாடி எதைப் பூட்டுறீங்க?" என்று கேட்டேன். "பூட்டினது டப்பாவைத்தான், அவங்களை இல்ல" என்றார். நாத்தனார்தான் என்னை அடக்கினார். "விடும்மா. அவன் பொருள், அவன் பூட்டுறான்." அந்த வார முடிவில், முழங்கால் தேறிவிட்டது, சின்னவன் வீட்டிலும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று சொல்லி என் கொழுந்தன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது தலையணை உறைகளை மடித்து வைத்துவிட்டுத்தான் போனார்.

சாவி இவர் பையிலேயே இருந்தது. தீனி குறைந்து முறைப்பானின் வயிறு ஒட்டியது. பாசி மட்டும் கொழுத்தது. கடைசியில் அது கையாட்டியின் விரல்களுக்குள்ளேயே புகுந்து மூடிவிட்டது. ஒரு நாள் காலையில் பார்த்தால் அந்தப் பவளம் குழைந்து, வெறும் வெள்ளை எலும்பாக நின்றது. நாத்தனார் போனில் விசாரித்தபோது, மறைக்கத் தோன்றாமல் நான் சொல்லிவிட்டேன். "அடடா" என்றார். அதற்குப் பிறகு தொட்டியைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

பழி விழுந்த ஆள் வீட்டை விட்டே போயாயிற்று, பாசி மட்டும் ஏன் போகவில்லை என்று இவர் யோசித்தாரா, தெரியாது. நான் யோசிக்கவில்லை. சமையல் மேடைக்குக் கீழே கரப்பான் பூச்சி மருந்து அடிக்க அலமாரியைக் காலி செய்தேன், அவ்வளவுதான். பாத்திரங்களை எடுத்ததும் வடிகட்டிக் குழல்களின் பின்பக்கம் கை பட்டது. டார்ச் அடித்து எட்டிப் பார்த்தேன்.

"இங்க வாங்க. இந்தக் கடைசிக் குழல்ல இருக்குற மணியெல்லாம் ஏன் பழுப்பா இருக்கு? வாங்கறப்ப நீலமா இருந்துச்சே."

வந்தார். தரையில் படுத்துக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. அந்த மணிகள்தான் கடைசியாகத் தண்ணீரைச் சுத்தம் செய்பவையாம். உழைத்து ஓய்ந்துவிட்டால் பழுப்பாகுமாம், உடனே மாற்ற வேண்டுமாம். அது வெளியிலிருந்து தெரியவேண்டும் என்றுதான் கம்பெனிக்காரன் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறான். இவர் அழகாக இருக்கட்டும் என்று அந்தப் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பிப் பொருத்தியிருந்தார்.

வடிகட்டித் தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சொட்டு விட்டார். இதுவரை தொட்டித் தண்ணீரைத்தான் சோதித்திருக்கிறாரே தவிர, தொட்டியில் ஊற்றும் தண்ணீரை ஒரு தடவைகூடச் சோதித்ததில்லை. குப்பி மைக்கூடு மாதிரி நீலமானது.

"அப்ப தொட்டித் தண்ணி தெளிவா இருந்துச்சே?" என்று கேட்டேன்.

"பாசி குடிச்சிருச்சு" என்றார். "நான் ஊத்த ஊத்த அது குடிச்சிருக்கு. அதான் தண்ணியில ஒண்ணும் தெரியல."

"வாரா வாரம் ஊத்தினது யாரு?"

அவர் குப்பியைக் கழுவப் போய்விட்டார். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாம்தான். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

குழலை மாற்றினார், இந்தத் தடவை கண்ணாடிப் பக்கம் வெளியே தெரியும்படி. கருவிப் பெட்டியிலிருந்து தீனி டப்பாவை எடுத்துத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தார். பாசி மெல்ல வெளுத்து, உதிர்ந்து, ஓட்டத்தில் கழன்று போனது. கல் தெரிந்தது. வருகிறவர்கள் எல்லாம் "என்ன பண்ணீங்க, இப்படிப் பளிச்சுன்னு ஆயிருச்சே" என்று கேட்டால், "ஃபில்டர் மாத்தினேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். முன்பெல்லாம் யாராவது தொட்டியைப் பற்றிக் கேட்டால் வந்தவர் காபி ஆறிப்போகும் வரை பேசுகிற மனிதர்.

"அக்காகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"போன்ல சொல்ற விஷயமா அது?"

"அப்ப நேர்ல போங்க."

"போலாம்."

போகவில்லை. வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வார். முழங்கால் எப்படி இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டாயா, அங்கே லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். வைத்த பிறகு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குற்ற உணர்ச்சி அவரைத் தின்றுகொண்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தின்னட்டும் என்றும் இருந்தது. பாவமாகவும் இருந்தது.

கடைசியில் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, போன் செய்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. அண்ணிக்கு இங்க என்ன குறைன்னு தெரியல. ஒரு டம்ளர் எடுக்கக்கூட எடுக்கலாமான்னு கேக்குறாங்க. செடிக்குத் தண்ணி ஊத்துங்கன்னா, நான் ஊத்தினா அழுகிரும், நீயே ஊத்துன்னு சொல்றாங்க. நான் ஏதாவது பேசிட்டேனா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து போய்ச் சட்டையை மாட்டினார்.

நாங்கள் போனபோது நாத்தனார் பால்கனி ஓரம் நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொடியில் காய்ந்த துணி அப்படியே கிடந்தது. காய்ந்த துணியை மடிக்காமல் அவர் சும்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்ததே இல்லை.

இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அக்கா, பாசிக்குக் காரணம் நீ இல்ல. நான்தான். ஃபில்டரைத் தப்பா மாட்டிட்டேன். கெட்ட தண்ணியை நானே ஊத்தியிருக்கேன். கையாட்டி செத்ததும் அதனாலதான்."

நாத்தனார் அவரை உற்றுப் பார்த்தார். "எனக்காகச் சொல்றியா?"

"சத்தியமா இல்லக்கா."

"நான் போட்டது நிஜம்தானேடா. ஒரு தடவை இல்ல, ரெண்டு மூணு தடவை போட்டேன்."

"அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"எப்ப தெரிஞ்சுது?"

அவர் தலை குனிந்தது. "கொஞ்ச நாள் ஆச்சு."

"கொஞ்ச நாளாவா?" என்றார் நாத்தனார். அவ்வளவுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு இவர் அழுதுவிட்டார். எங்களுக்குக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். நாத்தனார் அவர் தலையில் கை வைத்து, "சரி விடு, எழுந்திரு, தரை சில்லுனு இருக்கு" என்றார்.

எங்களோடு திரும்பி வந்துவிட்டார். தொட்டியின் முன்னால் அதே இடத்தில் நாற்காலியைப் போட்டோம். முறைப்பான் பொந்திலிருந்து தலையை நீட்டி அவரை வெறித்தான். "பாரு, மறக்கவே இல்ல" என்று சிரித்தார். தலையணை உறைகளை உருவி மடித்தார். என் சமையலில் உப்புக் குறை என்றார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நானும் நம்பினேன்.

மறுநாள் காலையில் இவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாத்தனார் தீனி டப்பாவைத் திறந்தார். இரண்டு விரலால் ஒரு துளி எடுத்தார். தொட்டியில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டு வாசல் வரை நடந்து வந்தார்.

"இவ்வளவு போதுமாடா, பாரு."

"நீயே போடுக்கா. என்னைக் கேக்காத."

"இல்ல, பாத்துச் சொல்லு."

இவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து அந்த உள்ளங்கையைப் பார்த்து, "போதும்க்கா" என்றார். இப்போதும் தினமும் காலையில் அவர் கேட்கிறார். இவர் தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பார்க்கிறார்.