இடம் மாறிய இரண்டு எண்கள்

இதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. பெங்களூரு அடுகோடியில் ஒரு சின்ன கம்பெனியில் கண் ஸ்கேன் படங்களை அட்டவணையாக மாற்றுவது என் வேலை. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி: இடமிருந்து எத்தனையாவது, மேலிருந்து எத்தனையாவது, எவ்வளவு வெளிச்சம். அதை வைத்துத்தான் லேசர் படவேண்டிய இடத்தை மெஷினில் குறிப்பார்கள்.

ஒரு காலை, முந்தைய நாள் அனுப்பிய அட்டவணையை எதற்கோ திரும்பப் படமாக்கினேன். வலப்பக்கம் இருக்கவேண்டிய கண் நரம்பு அடியில் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதியிருந்தேன். படம் நீளமும் அகலமும் ஒன்றான சதுரம் என்பதால் கம்ப்யூட்டர் தவறு என்று காட்டவில்லை. அந்தக் கண்ணுக்குரிய பெண்ணுக்கு அன்று பத்து மணிக்கு லேசர்.

டாக்டர் போனை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். சிவாஜிநகரில் வண்டி நகரவே இல்லை. இறங்கி, அழுதுகொண்டே ஓடினேன்.

லேசர் அறை வாசலில் டாக்டர் நின்றிருந்தார். "மேடம், ஆரம்பிக்காதீங்க. நான் குடுத்த டேபிள் தப்பு."

"யாரு செக் பண்ணது?"

"யாரும் பண்ணல மேடம். நான் பண்ணியிருக்கணும்."

பக்கத்தில் கண்ணில் சொட்டு மருந்தோடு லேசருக்குக் காத்து உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. திட்டுவார் என்று நின்றேன்.

"நான் டெய்லரும்மா. கண்ணு போனா எனக்குப் பொழப்பே இல்ல," என்றார். "மூச்சு வாங்குது உனக்கு. உக்காந்து நிதானமா சரி பண்ணு. நான் இருக்கேன்."

அவர் பக்கத்திலேயே லேப்டாப்பைத் திறந்து திருத்தினேன். லேசர் சரியான இடத்தில் பட்டது.

அதுவரை அவர் எனக்கு வெறும் ஃபைல் நம்பர். அவர் பெயரைக் கேட்க அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.