ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குப் பிறகு

முப்பத்திரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணியானால் எனக்குப் பயம் வந்துவிடும். நாகர்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே ஆய்வுக் கூட்டம். தேங்கிக் கிடக்கும் கோப்புகளைப் பற்றி மேலதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்பார். பதில் சொல்பவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். நான் சேர்ந்த இரண்டாம் மாதம், அப்போதிருந்த மேலதிகாரி என் கோப்பை எல்லார் முன்னாலும் தரையில் வீசிப் பொறுக்கச் சொன்னார். பொறுக்கினேன். அவர் ஆறு மாதத்தில் மாறுதலாகிப் போய்விட்டார். பிறகு வந்தவர்களில் தங்கமான மனிதர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் என் கண்ணுக்கு அவர்தான் தெரிந்தார்.

மத்தியானச் சோறு உண்டு முடிக்கும் வரை நான் எல்லாரையும் போலச் சிரித்துப் பேசுவேன். நான்கு மணிக்குச் சாயா குடித்ததும் வாய் அடைத்துவிடும். சட்டையைத் தேய்ப்பேன், தேய்த்ததையே மறுபடி தேய்ப்பேன். யாராவது கூப்பிட்டால் கத்துவேன். ஒரே மகள் அப்போது சிறுபிள்ளை. "அப்பாகிட்ட போவாத மக்ளே, இங்கின வந்து இரி" என்று என் மனைவி அவளை அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அதை நான் கவனித்ததுகூட இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் ஞாயிறு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான்கு மணிக்குச் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு பயத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஐந்து மணிக்குக் எங்கள் ஊரான கொட்டாரத்தின் கடைத்தெரு வரை நடந்து போய், தேவையில்லாமல் ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வழியில் வயலில் கொக்குகள் நிற்பதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நாளை திங்கள்கிழமை என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அப்படி எட்டு மாதம் இருந்தேன்.

அதன் பிறகு மகளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தது. மருமகன் கல்ஃபில். அவளும் ஐந்து வயதுப் பேத்தியும் அங்கே தனியாக ஒரு ஃப்ளாட்டில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரை அவளே ஓட்டிக்கொண்டு வருவாள். ஞாயிறு மூன்றரைக்குத் திரும்பிப் போவாள். முதல் முறை அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மணி நான்கு அடித்தது. பழைய பயம் வந்தது.

இந்தத் தடவை நாற்காலியில் யாரும் இல்லை. ரோடுதான் இருந்தது. தக்கலை, மார்த்தாண்டம் வழியாகப் போகும் அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். வீடும் கடையும் ரோட்டின் விளிம்பு வரை நிற்கும். நடுவில் கல்லும் பாறைப்பொடியும் ஏற்றிக்கொண்டு பத்துச் சக்கர லாரிகள் கேரளாவுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் அடிபட்ட செய்தி பேப்பரில் வரும். அதுவரை நான் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை. பிறகு அதை மட்டும் படித்தேன்.

மகளிடம் சொல்லி, அவளுடைய கார் எங்கே போகிறது என்பது என் போனில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். ஒரு நீலப் புள்ளி. ஞாயிறு சாயங்காலம் மூன்றரை மணி நேரம் அந்தப் புள்ளியைப் பார்ப்பதுதான் என் வேலை. அது நின்றால் உடனே போனில் அவளை விளிப்பேன். "சிக்னல்ல நிக்கேன் அப்பா" என்பாள். நகர்ந்தால் வேகமாக நகர்கிறதே என்று மறுபடி விளிப்பேன். என் மனைவி ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "எதுக்கு இப்பிடிப் பயந்து வெப்றாளப்படுதிய? அவ வண்டி ஓட்டுவாளா, ஒங்களுக்குப் பதில் சொல்லுவாளா?" என்று கேட்டாள். புள்ளியிலிருந்து கண்ணை எடுத்தால் அது மறைந்துவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. யாரிடமும் சொல்லக்கூடிய நம்பிக்கை அல்ல.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு. காலையிலிருந்தே மழை. "திங்கக்கெழம காலம்பற போயேன் மக்ளே" என்றேன். "எட்டு மணிக்கு மீட்டிங் இருக்கு அப்பா, பையப் போறேன்" என்று கிளம்பிவிட்டாள். ஐந்து மணிக்குப் புள்ளி சாமியார்மடம் தாண்டியது. வேகமாக நகர்கிறதே என்று விளித்தேன், எடுக்கவில்லை. சற்று தூரத்தில் நின்றது. ஐந்து நிமிஷம் பார்த்தேன். நகரவில்லை. விளித்தேன், மணி அடித்தது, அப்போதும் எடுக்கவில்லை. மறுபடி விளித்தேன். ஐந்தாவது தடவை, போன் அணைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் மலையாளத்தில் சொல்லிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி சாம்பல் நிறமானது.

அதற்கு மேல் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். போன் இரண்டு முறை கையிலிருந்து கீழே விழுந்தது. "ஏட்டி, போன் அணைஞ்சு கெடக்கு" என்று மனைவியிடம் சொன்னேன். "சார்ஜ் தீந்திருக்கும், செத்த நேரம் பொறுங்க" என்றாள். அவள் முகமும் வெளுத்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு நிச்சயமாகிவிட்டது. மழைக்கோட்டுகூடப் போடாமல் ஸ்கூட்டரை எடுத்தேன். அவள் வாசல் கேட் வரை ஓடி வந்து என்னவோ சொன்னாள். காதில் விழவில்லை.

கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர் மழையில் போய் என்ன செய்யப் போகிறேன் என்று யோசிக்கவில்லை. கார் ஒரு லாரிக்கு அடியில் கிடப்பதைத்தான் கண்டேன். பேத்தியின் ஒரு செருப்பு ரோட்டில் கிடப்பதைக் கண்டேன். அத்தனையும் ரோட்டை விடத் தெளிவாகத் தெரிந்தன. கன்னியாகுமரிக்கு வந்து திரும்பும் சுற்றுலா வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக என்னை உரசிக்கொண்டு போயின. சுசீந்திரம் பாலம் தாண்டியதும் சட்டைப்பையில் போன் அடித்தது. வண்டியை நிறுத்தத் தோன்றவில்லை. இடது கையை விட்டுவிட்டுப் பையில் துழாவினேன். அவ்வளவுதான். சக்கரம் வழுக்கியது. நான் ரோட்டோரத்தில் கிடந்தேன். தலைக்கு ஒரு முழம் தள்ளி ஒரு வேனின் சக்கரம் நின்றிருந்தது.

பஞ்சர் கடையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து என்னைத் தூக்கினார்கள். "போனு, போனு" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேனாம். ஒருவர் அதைச் சேற்றிலிருந்து எடுத்துத் துடைத்தார். அது மறுபடி அடித்தது. அவரே எடுத்து என் காதில் வைத்தார். மனைவி. "அவ விளிச்சா. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. ரோட்டோரத்துல ஒரு பேக்கரியில இருக்காளாம். நீங்க எங்க நிக்கிய?" நான் அந்த அந்நியரின் தோளில் சாய்ந்து அழுதேன். அவர், "வலிக்குதா அண்ணாச்சி?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை மகள் ரயிலில் வந்தாள். கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பேத்தி தூங்கிய பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அன்னைக்கு நான்தான் போன அணைச்சேன்."

"எதுக்கு மக்ளே?"

"வழியில நீங்க விளிச்சப்ப, எடுக்கலன்னா பயப்படுவியளேன்னு குனிஞ்சேன். நிமிந்து பாத்தா முன்னால லாரி நிக்குது. பிரேக் அடிச்சேன். ஒரு சாண் இருந்திருக்கும். பிள்ள அலறிட்டா. வண்டிய ஓரங்கட்டினேன். நீங்க விளிச்சிட்டே இருக்கிய. அதுக்கு மேல ஒரு மணி சத்தம் கேட்டாலும் எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்னு தோணிச்சு. அணைச்சிட்டேன்."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் விடவில்லை.

"சின்னப்பிள்ளையில ஞாயித்துக்கெழம சாயங்காலம்னா எனக்கு ஒங்களப் பாக்கப் பயம். என்ன தப்பு செஞ்சேன்னு தெரியாமலே பயந்திருக்கேன். இப்பவும் ஞாயித்துக்கெழம மத்தியானம் சோறு எறங்க மாட்டேங்கு. ஆபீஸ நெனச்சு இல்ல அப்பா. ஒங்க போன நெனச்சு."

அதைக் கேட்டபோது எனக்கு வந்த பயம் அன்று ரோட்டில் கிடந்தபோது வந்ததை விடப் பெரியது. லாரிதான் பிள்ளையைக் கொல்லும் என்று நான் காவல் இருந்தேன். ஒரு சாண் தூரத்தில் அவளைக் கொண்டு நிறுத்தியது நான். மறுநாள் அவளே என் போனை வாங்கி, புள்ளி தெரியும் ஏற்பாட்டை நீக்கிக் கொடுத்தாள். போய்ச் சேர்ந்ததும் அவள் விளிப்பாள், அதுவரை நான் விளிக்கக் கூடாது. சரி என்றேன்.

சொல்வது எளிது. அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போனை மனைவியிடம் கொடுத்துவிடுவேன். கால்வாய்க்கரையில் நடப்பேன். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நின்றுவிடுவேன். மனத்துக்குள் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். இப்போது தக்கலை, இப்போது குழித்துறைப் பாலம். வீட்டுக்கு வந்தால், கடிகாரம் இருக்கும் சுவரைப் பார்க்காமல் திரும்பி உட்காருவேன்.

ஒரு நாள் என் மனைவியிடம் கேட்டேன். "ஒனக்குப் பயமே இல்லியா?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நல்லா கேட்டிய" என்றாள். "நீங்க ஆபீஸ் போன காலத்துல, ஒங்களுக்கு என்னமும் ஆயிருமோன்னு ஒவ்வொரு திங்கக்கெழமையும் பயந்தேன். இப்ப பிள்ளைக்குப் பயப்படுதேன். வீட்டுல ரெண்டு பேரும் நடுங்கிட்டு இருந்தா அடுப்ப யாரு பத்த வைக்க?"

கூட உட்கார்ந்து நானும் கீரை ஆய்ந்தேன். கட்டு அவிழ்த்த கை இன்னும் சரியாக மடங்கவில்லை.

போன ஞாயிறு அவர்கள் ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஏழரை ஆயிற்று. ஏழே முக்கால் ஆயிற்று. போன் மேசையில் இருந்தது. நானும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் கை இரண்டு தடவை மேசை வரை போய்த் திரும்பி வந்தது. அவள் அதைப் பார்த்தாள். எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அடித்தது. இவ்வளவு நேரம் காத்திருந்த எங்கள் இரண்டு பேருக்கும் அதை எடுக்கக் கை வரவில்லை. வேறு யாருடைய குரலாவது கேட்டுவிடுமோ என்ற பயம். நான்கைந்து மணி அடித்த பிறகு அவள்தான் எடுத்தாள்.

"வந்தாச்சு பாட்டி" என்றது பேத்தியின் குரல். "களியக்காவிளையில ஒரே பிளாக்கு. அம்ம காரு நிறுத்துதா."

என் மனைவி சோறு எடுத்து வைக்க எழுந்தாள். எனக்கு எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.