கிண்ணியா உம்மாவின் எலும்பு

தேசிக்காயைவிடச் சற்றுப் பெரிதாக, உருண்டையாக இருந்தது அந்த எலும்பு. அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் அதைக் கண்ணாடிப் போத்தலில் வாங்கி மூடியவள் நான்தான். எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைத் துறைமுகத்துக்கு அண்மையில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு வந்த குடாவுக்கு அக்கரையிலுள்ள கிண்ணியாவின் முஸ்லிம் உம்மா ஒருவரின் தொடையெலும்புத் தலை அது. அதை எடுத்துவிட்டு இரும்பு வைத்தார் எங்கள் டொக்டர். இப்படி எடுத்ததை வீசாமல் உறையவைத்து, எலும்பில் குறையுள்ள இன்னொருவருக்கு வைக்கலாம் என்று அவர் படித்திருந்தார். மீன் கம்பனிக்காரர் ஒருவர் கொடுத்த பழைய குளிர்ப்பெட்டியை நம்பித்தான் இதில் இறங்கினார்.

அடுத்த கட்டிலில் நிலாவெளியிலிருந்து வந்த இளம் தையல் ஆசிரியை. முழங்காலுக்குக் கீழே எலும்பைக் கட்டியொன்று அரித்திருந்தது. அதைச் சுரண்டினால் விழும் பள்ளத்தை நிரப்பாவிட்டால் கால் முறிந்துவிடும். எலும்பை எடுக்குமுன் உம்மாவிடம் அனுமதி கேட்கப் போனவளும் நான்தான்.

"எனக்கு உதவாதெண்டுதானே எடுக்கிறீங்க, மிஸி? அந்தப் புள்ளைக்கு வைங்க" என்றார். அடுத்த கட்டிலிலிருந்து அந்தப் பெண்ணும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அறுவைக்கு முதல்நாள் பார்த்தபோது குளிர்ப்பெட்டி நின்றுபோயிருந்தது. எப்போது நின்றதென்று ஒருவருக்கும் தெரியாது. டொக்டர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு "ஏலாது" என்றார். பின்மதிலோரம் குழி வெட்டுவித்து அதைப் புதைத்தேன். மறுநாள் அவளுடைய இடுப்பெலும்பிலிருந்தே வெட்டியெடுத்துப் பள்ளத்தை நிரப்பினார்.

"நான் சொல்லுறன், நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ" என்றார் டொக்டர் என்னிடம். இருவருக்கும் சொல்லுமுன் மாற்றலாகிப் போய்விட்டார்.

"இடுப்பில ஏன் மிஸி காயம்?" என்று அவள் கேட்டபோது, "உம்மாவின்ர எலும்பு போதாமப் போச்சு. உங்களிட்டயும் கொஞ்சம் எடுத்தது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

எலும்பு பிடித்தது. அவள் நடந்தாள். உம்மா பொல்லூன்றிப் படகேறி, எருமைத் தயிர்ச் சட்டியோடு நிலாவெளிக்குப் போய்வரத் தொடங்கினார். அவளுடைய கலியாணத்தில் முன் கதிரையில் அமர்ந்து, "இவட கால்ல என்ட எலும்பிரிக்கி" என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னார். பக்கத்துக் கதிரையில் நான் இருந்தேன். சொல்லிவிட வேண்டுமென்று எத்தனையோ முறை நினைத்தேன். சொன்னால் யாருக்கு என்ன கிடைக்கும், சொல்லாவிட்டால் நான் யார் என்பதெல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். இப்போது எலும்பு வங்கி, படிவம், கையெழுத்து என்று எல்லாம் வந்துவிட்டன. அந்தச் சிக்கல் மட்டும் எனக்கு அவிழவில்லை.

சில வருடங்களில் உம்மா மவுத்தானார். உடலை அடக்கிவிட்டு ஆண்கள் கிண்ணியா வீட்டுக்குத் திரும்பிய பிறகு, அங்கு வந்திருந்த அவள் என்னைக் குசினி அடுப்படிப் பக்கம் கூட்டிப்போனாள்.

"மிஸி, உம்மாவை முழுசா அடக்கேல்லையே. ஒரு துண்டு என்னட்ட இருக்கு. அது குற்றமோ?"

உண்மையைச் சொன்னால் அந்தப் பயம் அந்த நொடியே போயிருக்கும். அதோடு வேறு என்னென்ன போகும் என்று என்னால் கணிக்க முடியவில்லை.

"குற்றமில்லை. அவ விரும்பித் தந்தவ" என்றேன்.

"அப்ப சரி" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, உம்மாவின் மகள்மாருக்கு நடுவில் போய் அமர்ந்தாள். கடைசிப் படகுவரை அவள் அங்கேயே இருந்ததாகப் பிறகு அறிந்தேன். நான் முந்திய படகிலேயே திரும்பிவிட்டேன்.