உப்புத்தாளில் வந்த நாற்பது வருடம்

உதவி மேலாளர் சொன்ன பொய் சிறியதுதான். லிஃப்ட் கம்பெனியில் வேலை. விற்ற லிஃப்ட் ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று பார்க்கப்போன கட்டடத்தில், நான்காம் மாடிப் பல் டாக்டர் ஓர் இசைக்குழு நடத்துவது தெரிந்தது. டிரம்ஸ் டாக்டரே. பாட்டுக்குக் கீழ்த்தள மருந்துக்கடை அம்மா. முதல் கித்தார்க்காரர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார், இடம் காலி.

உதவி மேலாளரின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

“நானும் கித்தார்தான் டாக்டர். சின்ன வயசுலேர்ந்து. ஏறாத மேடை இல்ல.”

“அட! அப்ப அடுத்த மாசம் உங்க கித்தாரோட வாங்க. கேட்டுப் பாத்துட்டுச் சேத்துக்கறோம்.”

அவர் ஏறிய ஒரே மேடை, கம்பெனி ஆண்டு விழாவில் கேடயம் வாங்க ஏறியது. கித்தார் போன வருடம் வாங்கியது. உதட்டுச்சாயச் சிவப்பு. அதன் நெற்றியில் ஒட்டிய பிளாஸ்டிக் காகிதத்தைக்கூட இன்னும் உரிக்கவில்லை. இடது கைக்கு மூன்று பிடிகள் தெரியும்.

வாசிப்பைக் கூட்டிக்கொள்ள ஒரு மாதம் இருந்தது. அவர் கித்தாரின் வயதைக் கூட்டுவது என்று முடிவு செய்தார்.

குளியலறைதான் பட்டறை. மனைவியின் முடி உலர்த்தியால் சுட வைத்து, கரண்டியால் சிவப்பைச் சுரண்டினார். உப்புத்தாள் போட்டார். வெளிர்மஞ்சள் வார்னிஷ் அடித்தார். காய்ந்ததும் கழுத்தைக் கழற்றி, உடம்பை மட்டும் ஃப்ரீஸரில் பட்டாணிப் பொட்டலங்களுக்கு மேல் படுக்க வைத்தார். குளிரில் வார்னிஷ் வெடித்து, வயசான முகம்போலச் சுருக்கம் விழும் என்று எங்கோ பார்த்திருந்தார்.

“என்னங்க, பிரிட்ஜுல பொணம் மாதிரி என்னமோ கெடக்கு.”

“கைய வெச்சிடாத. வயசாயிட்டிருக்கு.”

“எனக்கும்தான் ஆகுது. சமையக்கட்டுக் கதவு உரிஞ்சு தொங்குது, பெயின்ட் அடிங்கன்னு எத்தன வருசமா கேக்கறேன்? அது தானாவே பழசாயிடுச்சு, அதனால கண்ணுக்குத் தெரியல போல.”

திருகாணிகளை வினிகரில் ஊறப்போட்டுத் துருவேற்றினார். வெள்ளைக் குமிழ்களைத் தேயிலைச் சாயத்தில் வேகவைத்தார். முதுகுப் பக்கத்தை இடுப்பு பெல்ட்டின் கொக்கியால் அரை நாள் தேய்த்தார். வித்வான்கள் சிகரெட்டைச் செருகிவைக்கும் கித்தார்த் தலையில் ஒரு சூடு வேண்டியிருந்தது. புகைப் பழக்கம் இல்லாததால் இருமி இருமிக் கண்ணில் நீர் வழியச் சுட்டார். அந்த வேளையில் வந்து சேர்ந்த மச்சினன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“என்ன மாமா, யாருக்கு என்ன ஆச்சு?”

“நாப்பது வருசம் ஆச்சுடா,” என்றார் இவர், பெருமையாக.

கடைசியில் கழுத்து. படங்களில் பார்த்த வித்வான்களுடைய கழுத்துகள் உடம்பை ஒட்டிய கடைசிக் கட்டங்களில், உச்ச சுரம் பேசும் மேல் கட்டங்களில்தான் கறுத்துத் தேய்ந்திருந்தன. தனி ஆவர்த்தனம் அங்கேதான் நடக்கும். அந்த இடத்தை மரம் தெரியும்வரை அரத்தால் தேய்த்து, ஷூ பாலிஷைத் தடவினார். முதல் மூன்று கட்டங்களைத் தொடவில்லை. அவர் வாசிப்பது அங்கேதான். சொரசொரப்பாகிவிட்டால் விரல் வலிக்கும்.

மாதம் முடிந்து, சொன்ன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை அறையில் பெட்டியைத் திறந்தார். மருந்துக்கடை அம்மா ஒட்டடை படிந்த சாமி படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவருடைய தம்பி, இரண்டாம் கித்தார் வாசிக்கிறவர், தன் ரோஸ் நிறக் கித்தாரை மெதுவாக நாற்காலிக்குப் பின்னால் தள்ளினார். டாக்டர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார்.

“பல்லும் இதுவும் ஒண்ணுதாங்க. தேஞ்ச எடத்தப் பாத்தா எப்படி மெல்றாங்கன்னு சொல்லிடலாம். நீங்க மேல் கட்டத்து ஆளு. நடுப் பாட்டுல தனியா வாசிக்க ஆளில்லாமத்தான் தவிச்சோம். அத நீங்களே எடுத்துக்கங்க.”

“சும்மா பின்னால வாசிச்சாலே போதும் டாக்டர்…”

“அடக்கத்தப் பாரு,” என்றார் மருந்துக்கடை அம்மா.

பாட்டு தொடங்கியது. மூன்று பிடிகளையும் மாற்றி மாற்றிப் பிடித்து எப்படியோ ஒப்பேற்றினார். நடுப் பாகம் வந்தது. எல்லோரும் கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். உதவி மேலாளர் கண்களை மூடித் தலையைப் பின்னால் சாய்த்தார். அதுவரை வித்வான்போலத்தான் இருந்தது. இடது கை மேல்கட்டத்துக்குப் போய், வழி தெரியாத ஊரில் இறங்கியவன்போல நின்று, அழுக்கில் வழுக்கி, இரண்டு தடவை கீச்சிட்டுவிட்டுப் பழைய மூன்று கட்டத்துக்கே ஓடி வந்துவிட்டது. அங்கே இருந்த மூன்றையும் வரிசையாக வாசித்தார். பிறகு தலைகீழாக வாசித்தார். பிறகு வாசிக்க எதுவும் இல்லை.

டாக்டர் குச்சிகளை மடியில் வைத்தார். எழுந்து வந்து, உதவி மேலாளரின் விரல்களைப் பார்த்தார், விரலுக்கடியில் பளபளத்த வார்னிஷைப் பார்த்தார், மேலே கறுத்துக்கிடந்த இடத்தைத் தன் விரலால் தொட்டார். விரலில் ஷூ பாலிஷ் ஒட்டியது. முகர்ந்தார். நோயாளியிடம் ஒன்றும் சொல்லாமலிருக்கப் பழகியவர்.

“தம்பி, அந்த எடத்த நீங்க வாசிங்க.”

தம்பி வாசித்தார். அவருக்கு எல்லாக் கட்டமும் தெரிந்திருந்தது. ரோஸ் கித்தார் மட்டும் குழந்தை விளையாட்டுச் சாமான்போல இருந்தது.

மருந்துக்கடை அம்மாதான் கேட்டார். “சனிக்கிழமை கச்சேரி இருக்கே, மேடைல இந்த ரோஸ் நல்லாவா இருக்கும்? சாரோடத குடுத்தா…”

“எனக்கு அங்க எடம் இருக்கா டாக்டர்?”

“முன் வரிசையில போட்டுடறேன். வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க.”

உதவி மேலாளர் தோள்வாரைக் கழற்றினார். தம்பி கையை நீட்டினார். கித்தார் பாதி தூரம் போய் நின்றது.

“இல்ல, இது ரொம்பப் பழைய பொருள்,” என்றார் அவர். “அடுத்தவங்க தூக்கினா தாங்காது. அன்னிக்கு நானே கொண்டாந்துடறேன்.”

சனிக்கிழமை சாயங்காலம் மனைவியை அரங்கின் முன்வாசலில் இறக்கிவிட்டு, கித்தார்ப் பெட்டி முதுகில் தொங்க, கலைஞர்கள் நுழையும் பின்வாசலுக்குப் போனார். காவலாளி எழுந்து நின்றார்.

“ஐயா வாசிக்கிறவங்களா?”

“நாப்பது வருசமா,” என்றபடி உள்ளே போனார்.