கிளெம் ஸ்ரோகா பார்த்த கட்டிப்பிடிப்பு

கிளெம் ஸ்ரோகாவிடம் இரவல் வாங்கிய ஏணியைப் பக்கத்து வீட்டுக்காரன் ஒருமுறை நன்றாகத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். கிளெம் ஒவ்வொரு படியாகத் தட்டிப் பார்த்தான். "எதுக்குத் துடைச்சான்? எதையோ மறைக்கத்தானே துடைச்சிருக்கான்?" என்று என்னிடம் கேட்டான். அதன் பிறகு அந்த ஏணியில் அவன் கால் வைக்கவே இல்லை.

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. பஃபலோ நகரசபையில் முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன். கட்டடக்காரன் ஒவ்வொருவனும் லிஃப்ட் அருமையாக ஓடுகிறது என்று சத்தியம் பண்ணுவான். மேலே ஏறிப் போய்ப் பார்த்தால் கம்பிக்கயிறு நூல் நூலாகப் பிரிந்து கிடக்கும். சத்தியம் எவ்வளவு பலமோ, கயிறு அவ்வளவு மோசம் என்பது கிளெம் கண்டுபிடித்த விதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த விதியை அவன் விடவில்லை. மாதா கோவில் குலுக்கல், வங்கி இனாமாகக் கொடுக்கும் நாட்காட்டி, மனைவி மார்ஜ் திடீரென்று செய்யும் பாலாடைக் கொழுக்கட்டை, எல்லாவற்றுக்குப் பின்னாலும் ஒரு பிரிந்த கயிறு இருக்கிறது என்பான்.

இப்படிப்பட்ட மனிதன் பேஸ்பால் ரசிகனாக இருந்தால் என்ன ஆகும்? அதுவும் எங்கள் பார்ஜ்மென் அணிக்கு?

எங்கள் அணியின் முதலாளி கார்ஸ்வெல். அப்பா விட்டுப்போன பெயின்ட் கம்பெனியோடு அணியும் அவன் கைக்கு வந்தது. ஒரு ஆட்டக்காரன் எங்கள் ஊரில் பேர் வாங்கி, நாங்கள் அவன் பேர் போட்ட சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டதும், கார்ஸ்வெல் அவனைப் பெரிய ஊர் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மீசை முளைக்காத மூன்று பேரை வாங்கி வருவான். "இவர்கள்தான் எதிர்காலம்" என்று அறிக்கை வரும். அந்த எதிர்காலம் தலையெடுத்ததும் அதையும் விற்பான். இதெல்லாம் ஜூலை முப்பத்தொன்றாம் தேதி மாலை ஆறு மணிக்குள் முடிந்தாக வேண்டும். ஆறு மணிக்கு மேல் யாரும் யாரையும் மாற்றிக்கொள்ள முடியாது.

மூன்றாவது பேஸ் பக்கம், ஒன்பதாவது வரிசையில் எங்களுக்கு வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டி எடுத்த மூன்று இருக்கைகள். கிளெம், டோரீன் மஹானி, நான். நான் செனெகா தெருவில் தபால் போடுகிறவன். டோரீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இருபத்திரண்டு வருடமாக இந்த வரிசையில்தான் எங்கள் கோடைக்காலம் போகிறது. மூன்று இருக்கையும் கிளெம் பேரில் இருந்தன, ஏனென்றால் பனியில் விடிய விடிய வரிசையில் நின்று வாங்கியவன் அவன். டோரீனின் புருஷன் டேல் செத்த வாரத்தில் அவள் வீட்டில் இருக்காமல் ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். "ஊர்ல எல்லாரும் என்னைப் பாத்ததும் குரலைத் தாழ்த்திப் பேசுறாங்க. இங்கதான் யாரும் தாழ்த்த மாட்டேங்கிறீங்க" என்றாள். கிளெம் அன்றைக்கும் நடுவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தான்.

கிளெமும் டோரீனும் எந்நேரமும் சண்டைதான். நாலு வருடத்துக்கு முன் கார்ஸ்வெல், எங்களுக்குப் பந்து வீசும் பெரிய பிட்சர் ஹோலிஸ்டரைக் கொடுத்து மூன்று பொடியன்களை வாங்கினான். அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

"மூணு பேர்ல ஒருத்தனுக்கு முழங்கை போச்சு, ஒருத்தன் அரிசோனாவுல வீடு வித்துக்கிட்டிருக்கான்" என்பான் கிளெம். "மூணு முட்டையில ரெண்டு கூமுட்டை. கோழிக்கு மாலை போடச் சொல்றியா?"

"மூணாவது யாரு? பூன்! இன்னிக்கு இந்த ஊரே அவன் பின்னாடி நிக்குது. நீயே போன வாரம் எழுந்து நின்னு கத்தின."

"கால் மரத்துப் போச்சு, நின்னேன்."

"யோவ், ஹோலிஸ்டர் அங்க போய் என்னத்தைக் கிழிச்சான்? தோள்பட்டை போயி ரெண்டு வருஷம் படுத்துக் கிடந்தான். கார்ஸ்வெல் சரியான நேரத்துலதான் வித்திருக்கான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்! தோள் போகப்போறது தெரிஞ்சே வித்திருக்கான். திருட்டுப் பய."

இப்படிப்பட்டவனோடு எப்படி வாதாடுவது? விற்றால் துரோகி, விற்றது சரியாகப் போனாலும் துரோகி. பக்கத்து வரிசைக்காரர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு இவர்களைத்தான் பார்ப்பார்கள்.

இந்த வருடம் பேச்சு முழுவதும் இபார்ராவைப் பற்றி. எங்களுக்கு மூன்றாவது பேஸைக் காக்கிறவன். எட்டு வருடமாக எங்கள் கண்ணெதிரே, எழுபது அடி தூரத்தில் நிற்கிறவன். கோட்டுக்கு வெளியே அடிபட்ட பந்து எங்கள் பக்கம் பறந்து வந்தால் முதலில் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பந்தைப் பார்ப்பான். கார்ஸ்வெல் அவனையும் தள்ளிவிடப் போகிறான் என்று பத்திரிகைகள் ஒரு மாதமாக எழுதின.

அந்த நேரம் பார்த்து அணி அலுவலகத்திலிருந்து ஒரு அட்டை வந்தது. அடுத்த வருடமும் இருக்கைகள் வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு கட்டத்தில் குறியிட்டு, ஜூலை முப்பத்தொன்று மாலை ஐந்து மணிக்குள் வாசலில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் இருக்கை காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கிளெமுக்கு இது போதாதா?

"பாத்தியா தபால்காரா? அஞ்சு மணிக்கு நம்ம கையெழுத்து. ஆறு மணிக்கு அவன் வியாபாரம். நடுவுல ஒரு மணி நேரம் எதுக்கு விட்டிருக்கான்? நம்மளைக் கட்டிப்போட்டுட்டு இபார்ராவை விக்கிறதுக்குத்தான்."

அதைக் கேட்டு எனக்கே அது உண்மையாக இருக்கலாம் போலத்தான் தோன்றியது. இபார்ராவை விற்றால் மூன்று இருக்கையையும் கார்ஸ்வெல் முகத்தில் விட்டெறிவேன் என்று கிளெம் சபதம் போட்டான். டோரீன் அன்றைக்குச் சண்டை போடவில்லை. அட்டை இருந்த அவன் சட்டைப் பையை விரலால் தொட்டாள்.

"கிளெம், நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை. அதுல என் இடமும் இருக்கு. எதைப் பண்றதா இருந்தாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணு."

"கேக்காம பண்ணுவேனா? நான் என்ன கார்ஸ்வெல்லா?"

முப்பத்தொன்றாம் தேதி பகல் ஆட்டம். அட்டை இன்னும் கிளெமின் பையிலேயே இருந்தது. அரங்கத்தில் பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வீரர்கள் உட்காரும் பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நாளில் எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். ஒருவனை ஆட்டத்தின் நடுவிலேயே வெளியே எடுத்து, மற்றவர்கள் வரிசையாக வந்து கட்டிப்பிடித்தால் அவன் கதை முடிந்தது, அவனை வேறு ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். ஹோலிஸ்டர் போனதையும் அப்படித்தான் முதலில் தெரிந்துகொண்டோம். அறிக்கை வந்தது அரைமணி நேரம் கழித்து.

நாலாவது இன்னிங்ஸ். டோரீன் எங்களுக்குச் சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். இபார்ரா ஆடுகளத்துக்கு வரவில்லை. அவன் இடத்தில் வேறு ஒருவன் ஓடி வந்து நின்றான். நான் பள்ளத்தைப் பார்த்தேன். பயிற்சியாளர் இபார்ராவின் தோளில் கை போட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவனை இழுத்துக் கட்டிப்பிடித்தார். அடுத்து பூன் வந்து கட்டிப்பிடித்தான். அடுத்து இன்னொருவன். இபார்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி உள்ளே போனான்.

அரங்கம் முழுக்க "ஐயோ" என்று ஒரு சத்தம். எங்களுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் அழுதாள்.

கிளெம் அட்டையை எடுத்தான். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினான். முழங்காலில் வைத்துக் குறி போட்டு எழுந்து போனான். டோரீன் வரட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த நிமிஷம் எனக்கும் கார்ஸ்வெல் முகத்தில் எதையாவது எறிய வேண்டும் போலிருந்தது.

டோரீன், உப்புத் தூவிய வெக் ரொட்டியில் வைத்த மாட்டிறைச்சி மூன்று பொட்டலத்தோடு வந்தபோது அவன் இடம் காலியாக இருந்தது. எங்கே என்றாள். சொன்னேன். பொட்டலங்களை மெதுவாகத் தன் இருக்கைக்கு அடியில் வைத்தாள். நின்றபடியே இருந்தாள்.

கிளெம் மூச்சு வாங்க வந்தான். சரிவுப் பாதை முழுவதும் நடந்தே ஏறியிருக்கிறான், அரங்கத்து லிஃப்டையும் அவன் நம்புவதில்லை. முகமெல்லாம் வெற்றி.

"முடிச்சுட்டேன். இனிமே அந்தத் திருட்டுப் பய நம்ம மூஞ்சியைப் பாக்க வேண்டாம்."

"என்கிட்ட கேட்டியா?"

"கேக்கிறதுக்கு என்ன இருக்கு? கண்ணால பாத்தாச்சே. இந்தா, தபால்காரனும் பாத்தான்."

"அறிவிச்சாங்களா?"

"அவன் எப்ப உண்மையை நேரத்துக்குச் சொன்னான்?"

டோரீன் உட்கார்ந்தாள். நாங்கள் மூவரும் அந்த ரொட்டியைத் தொடவில்லை. அதில் தடவிய காரமான குதிரைமுள்ளங்கி விழுதின் நெடி மட்டும் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

ஆறாவது இன்னிங்ஸ் முடிந்ததும் பெரிய திரையில் இபார்ராவின் படம் வந்தது. கிளெம் என் விலாவில் இடித்தான். "வருது பாரு அறிக்கை." திரையில் எழுத்துகள் ஓடின. இபார்ராவின் மனைவிக்கு நாலு வாரம் முன்னதாகவே வலி எடுத்துவிட்டது, அவன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான், எல்லோரும் வாழ்த்துங்கள். அவ்வளவுதான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பின்னால் அழுத பெண் இப்போது சிரித்துக்கொண்டே அழுதாள். முப்பதாயிரம் பேர் நிற்க, ஒன்பதாவது வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்.

"இதுவும் நாடகமா இருக்கும்" என்றான் கிளெம். குரலில் உயிரே இல்லை. உடனே எழுந்து ஜன்னலுக்கு ஓடினான். அறுபத்தெட்டு வயதில் ஒருவன் அப்படி ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவன் போனதும் டோரீன் தன் பொருட்களை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். உட்காரும் மெத்தை, மழைச்சட்டை, டேலின் பழைய பைனாகுலர்.

"நாளையிலேருந்து நான் வரல" என்றாள். "இந்த வருஷம் மிச்சமிருக்கிற ஆட்டத்துக்கும் வரல. வீட்லயே பாத்துக்கிறேன்."

"டோரீன், கோவத்துல..."

"கோவமில்லப்பா. எல்லாரும் தன்னை வித்துடுவாங்கன்னு இருபத்திரண்டு வருஷமாப் பயந்துக்கிட்டே இருந்தான். நான் அவன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எங்களை அவன் வித்துட்டான். எனக்கு அலுத்துப் போச்சு. அவன்கிட்ட சொல்லாத, அழுதுடுவான்."

கிளெம் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஜன்னலில் இருந்த பெண் அட்டையைக் கணினியில் ஏற்றியதுமே இருக்கைகள் பட்டியலில் அடுத்த பேருக்குப் போய்விட்டனவாம். பக்கத்து ஊரான சீக்டோவாகாவில் இருக்கிற ஒரு இளம் ஜோடி, அவர்களும் அவர்கள் தம்பியும். ஒரு மணி நேரத்துக்குள் சரி என்று பதிலும் அனுப்பிவிட்டார்களாம்.

"இருபத்தஞ்சு வயசு கூட இருக்காது அதுங்களுக்கு" என்றான். "எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு. எப்படி அவ்வளவு சீக்கிரம் பதில் வரும்? காத்துக்கிட்டே இருந்திருக்காங்க..."

"கிளெம்" என்றாள் டோரீன். அவன் நிறுத்தினான். "கார்ஸ்வெல் ஹோலிஸ்டரைக் குடுத்து மூணு பசங்களை வாங்கினான். நீ எங்களைக் குடுத்து என்ன வாங்கின?"

எதற்கும் பதில் வைத்திருக்கிறவன், "ஒண்ணுமில்ல" என்றான்.

ஆட்டம் நாலு மணிக்கு முடிந்தது. ஜெயித்தோமா தோற்றோமா என்று எனக்கு நினைவில்லை. எப்போதும் டோரீனின் காரில்தான் நாங்கள் வீடு திரும்புவோம். அன்றைக்கு அவள் தங்கையைப் பார்க்கப் போக வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். கை காட்டினாள். கிளெமும் கை காட்டினான்.

நாங்கள் இருவரும் பஸ்ஸுக்குப் போகாமல் கார் நிறுத்துமிடத்திலேயே நின்றோம். நூற்றுக்கணக்கானவர்கள் கார் ரேடியோக்களைத் திறந்துவிட்டு ஆறு மணிக்காகக் காத்திருந்தார்கள். ஆறு அடித்தது. பார்ஜ்மென் யாரையும் கொடுக்கவில்லை, யாரையும் வாங்கவில்லை என்று ரேடியோ சொன்னது. இபார்ரா எங்களுக்கே. எல்லாக் கார்களும் ஹாரன் அடித்தன. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஒருவன் கிளெமையும் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான். கிளெம் மரம் போல நின்றான்.

அந்தச் சத்தத்தில் என் காதருகே குனிந்து, "நாளைக்கு அவ வந்துடுவா, இல்ல?" என்றான்.

"வந்துடுவா" என்றேன்.

வழக்கமாக இப்படி ஏதாவது சொன்னால், எப்படித் தெரியும், யார் சொன்னது, ஏன் கண்ணைப் பார்க்காமல் சொல்கிறாய் என்று என்னைக் குடைந்து எடுத்துவிடுவான். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டான். எனக்குத் தெரிந்து கிளெம் ஸ்ரோகா வாழ்க்கையில் ஒருவனை அப்படியே நம்பியது அந்த ஒரு முறைதான். நான் சொன்னது பொய்.