‘மற்றவை’ என்ற குழுவில் என் தம்பி

என் அக்கா சாகக் கிடந்தபோது ஊரிலிருந்து வந்த அழைப்புகள் என் காதில் விழாதபடி கைப்பேசியை வைத்திருந்தவன் நான்தான். சிக்னல் கோளாறு என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். அப்படி நம்ப வைத்ததும் நான்தான். பாரிஸ் புறநகரில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்டுக்குள்ளும் சிக்னல் இருக்கும். தரைக்குக் கீழே ஓடும் மெத்ரோவிலும் பல இடங்களில் இருக்கும். இங்கே யாரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பதில்லை. வந்த புதிதில் எனக்கு அது விசித்திரமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது, அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

மரக்காணம் உப்பளத்தில் என் தம்பி ஏழுமலை மேஸ்திரி. இரண்டாயிரத்து நான்கில் ஊருக்குப் போனபோது அவனுக்கு ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். உப்பளத்தில் கரண்ட் கிடையாது; வீட்டில் போட்ட சார்ஜ் பொழுது சாயும்வரை நிற்க வேண்டும். பாத்திகளுக்கு நடுவே சிக்னலும் கிடையாது. வாரிக் குவித்த உப்பின் உச்சியில் ஏறினால் இரண்டு கோடு வரும். அங்கே நின்றுதான் எனக்கு மிஸ்டு கால் கொடுப்பான். ஒரு ரிங் என்றால் நலம். விடாமல் அடித்தால் அவசரம், உடனே நான் கூப்பிட வேண்டும். இது நாங்கள் பேசி வைத்தது. நலம் என்று சொல்லும் அந்த ஒரு ரிங்குக்குக் கணக்கே இல்லை. காலையில் உப்பளத்துக்கு வந்துவிட்டால் ஒன்று, கஞ்சி குடித்தால் ஒன்று, அக்கா கேட்டாள் என்று ஒன்று.

ஒருநாள் லிஃப்டில் என் கைப்பேசி அடித்து அடங்கியது. எதிர்வீட்டு மதாம், “எடுக்கவில்லையா?” என்றாள். “இது எடுக்கக் கூடாத அழைப்பு” என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அதற்குமேல் விளக்க வரவில்லை. அவள் முகம் மாறியது. யாரோ என்னைத் தொல்லை செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். “போலீசில் சொல்லுங்கள். அதுவரை நான் ஒரு வழி செய்கிறேன்” என்று கைப்பேசியை வாங்கினாள். குடும்பம், நண்பர்கள், அலுவல், மற்றவை என்று அதில் குழுக்கள் இருந்தன. தம்பியின் எண்ணை ‘மற்றவை’யில் போட்டு, அந்தக் குழுவின் ஒலியை அணைத்துத் திருப்பிக் கொடுத்தாள். “இனி நிம்மதி, பேட்டரியும் நிற்கும்” என்றாள். நல்லெண்ணத்தில் செய்தாள். அவளுக்குத்தான் விஷயம் புரியவில்லை, எனக்குப் புரிந்திருந்தது. மாற்றி வைக்க இரண்டு பொத்தான் போதும். நான் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கூப்பிடுவேன். “ண்ணா, ரிங் கொடுத்தேனே, வர்லியா?” என்பான். “வரலையேப்பா. உன் பக்கம்தான் கோளாறு” என்பேன். படித்தவன் அல்லவா, பொய்க்கும் தொழில்நுட்பம் சேர்த்தேன். நெட்வொர்க்கை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்று, சும்மா தேடித் தேடியே பேட்டரி தீர்கிறது என்றேன். விளக்கை அணை, அதிர்வை அணை, இடுப்பில் செருகாதே, இன்னும் உயரமான குவியலாகப் பார்த்து ஏறு என்றேன். அவன் ஒவ்வொன்றையும் செய்தான். “நீ சொன்ன மாரியே வச்சிட்டேன்ணா. இப்ப பேட்டரி நல்லா நிக்குது. ரிங்குதான் உனுக்கு வர மாட்டேங்குது” என்றான். என்னிடம் சிக்னல் முழுதாக இருந்தது.

அடுத்த சித்திரையில் அஞ்சலை அக்கா படுக்கையில் விழுந்துவிட்டாள். எங்களைவிட மூத்தவள், கணவனை இழந்து தம்பியோடு இருந்தவள். நான் முதல்முறை விமானம் ஏறியபோது மீனம்பாக்கம்வரை வந்து, உள்ளே போகும்வரை கையைத் தூக்கியே நின்றவள். என் குரலைக் கேட்க வேண்டும் என்றாளாம். தம்பி வெறுங்காலோடு உப்பில் ஏறி விடாமல் அடித்திருக்கிறான். என் கைப்பேசி மேசையில் சத்தமில்லாமல் மின்னி மின்னி அணைந்திருக்கிறது. வழக்கமான நலம் ரிங்குகள்தான் என்று எத்தனை என்றுகூட நான் பார்க்கவில்லை. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டபோது அடக்கம் முடிந்திருந்தது. “மன்னிச்சுக்கண்ணா, என் போனுதான் சதி பண்ணிடுச்சு” என்று அவன் அழுதான். நான் அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

வருடம் முடிவதற்குள் ஊருக்குப் போனேன். மழையில் உப்பளம் வெள்ளக்காடாகக் கிடந்தது. வரப்பில் நின்று அவன் கைப்பேசியைக் காட்டினான். “பேட்டரியையே மாத்திட்டேன்ணா. இனிமே கோளாறு வராது.” அவன் பாதங்களில் வெடிப்பு இருந்தது. நான் ‘மற்றவை’ என்பதைச் சொன்னேன், மதாமைச் சொன்னேன், பொத்தானைச் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை.

அவன் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டான்.

“அப்ப நான் உப்பு மேல ஏறி ஏறி எறங்குனது?”

கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

“அக்கா கடைசியா என்னா கேட்டுச்சு தெரியுமா? ‘ஏம்பா, அம்மாம் பெரிய ஊர்ல சிக்னலே இல்லியா?’ன்னுச்சு. ஆமாக்கா, பாவம் அண்ணன்னு சொன்னேன்.”

பிறகு கைப்பேசியை எடுத்து, நான் சொல்லிக்கொடுத்த மேனுவலை என் எதிரிலேயே ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றினான். “இனிமே அதுவே தேடிக்கட்டும்” என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “சாப்புட வாண்ணா, நேரமாவுது” என்று முன்னால் நடந்தான்.

திரும்பி வந்ததும் அவன் எண்ணைக் ‘குடும்பம்’ குழுவுக்கு மாற்றினேன். இருப்பதிலேயே உரத்த ஒலியை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டால் எடுக்கிறான். “நல்லா இருக்கோம்ணா” என்கிறான். அவனாக ஒரு ரிங் கொடுப்பதில்லை. மதாம் லிஃப்டில் பார்க்கும்போது, “அந்தத் தொல்லை நின்றுவிட்டதா?” என்று கேட்கிறாள். நின்றுவிட்டது என்கிறேன். கைப்பேசி ஜன்னலோரம் இருக்கிறது. ஊருக்குப் போனபோது அதில் மாற்றிய கடிகாரத்தை நான் திருப்பி வைக்கவில்லை. சிக்னல் கோடுகள் இந்த ஊருடையவை, மணி அந்த ஊருடையது. பேட்டரி மட்டும் தீரவே மாட்டேன் என்கிறது.