படகுப் பலகையும் ஒரு பெயரும்

கோமதி மரமில்லுக்காரர் மகள். கொழிஞ்சாம்பாறையில் அப்பாவின் மில்லில் மரத்தூளோடு வளர்ந்தவள். பலகையைத் தட்டிப் பார்த்தே உளுத்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள். கட்டிக்கொண்டதோ அணையில் மீன்பிடிப் படகு ஓட்டும் மனிதரை. அவருக்கு மரம் என்றால் மாமரம் மட்டும்தான் தெரியும், அதுவும் காய்க்கிற காலத்தில்.

முப்பத்தொரு வருடமாக அவரை "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். பெயரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டாலும் அட்டையை நீட்டுவாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். மருமகள் யோகப்பிரியா, "கௌசிக், இங்க வா" என்று புருஷனை அதட்டும்போது கோமதிக்குக் காது கூசும்.

இந்த ஆடியில், படகைக் கரையேற்றும் வண்டியின் பலகைகள் இற்றுப்போயின. படகின் அடிவயிறு உட்காரும் இரண்டு நீளப் பலகைகள் அவை. தண்ணீரில் ஊறி, மேலே சுற்றிய கார்ப்பெட் கிழிந்து, போல்ட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன. படகின் ஃபைபரில் கீறலும் விழுந்துவிட்டது. வேங்கைப் பலகை வாங்கி, இழைத்து, போல்ட்டுத் தலை மரத்துக்குள் அமுங்கும்படி குழி எடுத்ததெல்லாம் கோமதிதான். அவர் டீ வாங்கி வந்தார், அதுவும் ஆறிப்போய்.

படகின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். ஒரு பலகை மாற்றியாயிற்று. மற்றதைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் வைத்திருந்த நட்டுகளை எடுத்துவரக் கோமதி போனாள். அந்த நேரம் பார்த்து, வண்டியின் இரும்பு துருப்பிடித்திருக்கிறதா என்று அவர் படகின் அடியில் தலையை விட்டார். மழையில் இளகிய மண். முட்டுக்கட்டை மெல்லச் சாய்வதைக் கோமதி பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க! ஏனுங்க!"

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த நாலு ஆண்களும் திரும்பினார்கள். அந்தப் பக்கத்தில் யார் யாரைக் கூப்பிட்டாலும் ஏனுங்கதானே! உரியவர் மட்டும், தன்னை இல்லை என்று சாவகாசமாக இரும்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மோகனசுந்தரம்!"

சட்டென்று தலையை உருவிக்கொண்டு அவளிடம் ஓடிவந்தார். பின்னால் படகு, பலகை இல்லாத பக்கமாகத் தடாலென்று சரிந்தது.

கோமதி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அடீல தலைய உடுவீங்களா? கொஞ்சமாச்சும் புத்தி வேண்டாமுங்களா?" இவர் இல்லாத வீட்டை ஒரு நொடி பார்த்துவிட்டாள். அதைத் தாங்க முடியாமல் அழுதாள்.

அவர் படகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மா போயி ஆறு வருசமாச்சு, கோமதி. அதுக்கப்புறம் என்னைய ஆரும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. எல்லாருத்துக்கும் நான் போட்டுக்காரரு."

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வலைக்காரர்களைக் கூப்பிட்டுப் படகை மறுபடி தூக்கி, மண்ணில் செங்கல் பரப்பி, அதன்மேல் முட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் இரண்டாவது பலகையும் ஏறியது. கடைசி நட்டை முறுக்கும்போது அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"இன்னொருக்கா கூப்பிடு."

"சும்மா இருங்க. ஆளுக பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

கோமதி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். வலைக்காரர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"மோகனசுந்தரமுங்க," என்றாள்.